அம்பத்தஞ்சு கிலோ

இந்த மாவுக்கட்டு மேல சத்தியமா சொல்றேண்ணே, இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் கெடையாது. பொய்யின்னா இந்தக் கை ஒட்டவே வேணாம். இப்புடியே முருங்கக்கா மாதிரி தொங்கட்டும். எங்க பக்கம் எல்லாரும் நாடியம்மன் மேல சத்தியம் பண்ணுவானுவ. நான் பண்ணமாட்டேன். அந்த ஆத்தா மேல ஏற்கனவே ஏழெட்டு சத்தியம் பண்ணி வச்சிருக்கேன், எல்லாம் குடி சம்பந்தமா. எம் பேரக் கேட்டாலே அது மொகத்தத் திருப்பிக்கும். இத்தனைக்கும் எம் பேரு நாடிமுத்து. அது பேரத்தான் வச்சிருக்கானுவ.

கப்பு ஒங்க தொடையில இடிக்கிதா? இடிக்கட்டும். ஜெயிச்ச கப்புண்ணே. எல்லாருக்குமா இந்த இடி கெடைக்கும்?

கண்டக்டரு இன்னும் முன்னாடி கூட்டத்துலதான் சிக்கிக்கிட்டு நிக்கிறாரு. அவரு இங்க வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன். நான் போறது பூவாங்கொல்லை. பேராவூரணிக்கு ரெண்டு மூணு ஸ்டாப்பு முன்னாடி. எம் பொண்டாட்டி ஊரு. எட்டு மாசமா அவ அங்கதான் கெடக்கா. இந்தக் கப்பக் காட்டி அவளக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். காட்டுனதும் வந்துருவா. ஏன் வருவான்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன்.

இப்பப் பாத்தா சைக்கிள் பம்பு மாதிரி இருக்கேன்ல? ஏழு வருசத்துக்கு முன்னாடி நான் எழுவத்தெட்டு கிலோ. கபடியில எம் பேரு ஜேசிபி. எங்கூரு பேரையும் சேத்து ஆலங்கொல்லை ஜேசிபின்னா ஒரத்தநாட்டுலேந்து மணமேல்குடி வரைக்கும் நோட்டீஸ்ல போட்டா போடுவானுவ. நான் கபடி கபடின்னு பாடிப் போனா எதுத்தாப்புல ஏழு பேருல ரெண்டு பேரு தானாவே கோட்டத் தாண்டிப் போயி வெளியில நின்னுக்குவான். அவ்வளவு மரியாத.

மெல்லத் தொட்டுட்டு ஓடியார்றதெல்லாம் நமக்கு வராதுண்ணே. நான் தொட்டா தொட்ட எடம் நீலமாவும். பேராவூரணியில ஒருத்தன் தாடையில முட்டியப் போட்டேன், பல்லு மூணு மண்ணுல வுழுந்துருச்சு. பயபுள்ள ஆட்டத்த வுட்டுட்டு குனிஞ்சு பல்லத் தேடுறான். அந்த நேரம் பாத்து முதுவத் தொட்டு ஒரு பாயிண்டு எடுத்துக்கிட்டேன். அப்பறம் ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பல்லத் தேடிக் குடுத்ததும் நான்தான். நல்ல மனசுண்ணே எனக்கு. யாரும் சொல்லமாட்டானுவ.

அப்பறம் ஒரு நாளு ஆறு பேரு சேந்து எம்மேல வுழுந்தானுவ. முட்டிக்குள்ள கோடித்துணி கிழியிற மாதிரி சத்தம். ஜவ்வு போச்சுன்னாரு டாக்டரு. ஆறு மாசம் படுத்தேன். படுத்துக்கிட்டே குடிச்சேன். எந்திரிச்சப்பறம் நின்னுக்கிட்டே குடிச்சேன். ஆறாப்பு பாதியில நின்னவனுக்கு கபடி வுட்டா வேற என்ன பாடம் தெரியும்? சோறு எறங்கல. வருசத்துக்கு நாலு கிலோ கரஞ்சு கரஞ்சு, எங்க வீட்டுக் கொடியில எஞ் சட்ட காயிறதுக்கும் நான் அதுக்குள்ள நிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு.

பூங்கோதை. எம் பொண்டாட்டி பேரு. நல்லவதான், கொற சொல்ல மாட்டேன். வாய் மட்டும் கொஞ்சம். குடிச்சிட்டு வந்தா வாசல்லயே வழிமறிச்சு நிப்பா. நான் என்ன பண்ணுவேன், அப்பப்ப லேசா ஒரு தட்டு. கபடிக்காரன் தட்டுண்ணே, நமக்கு லேசு, அவளுக்கு எப்புடின்னு தெரியல.

அந்தக் கை ஒடஞ்சது மட்டும் விபத்து. போன ஆடி. எங்க பக்கம் ஆடிக் காத்து தெரியும்ல, தென்னயவே வளச்சு தரையத் தொட வைக்கும். அவ நெலப்படியில கைய வச்சிக்கிட்டு நின்னா. காத்துல கதவு சாத்திருச்சு. இடது மணிக்கட்டு. அவ்வளவுதாண்ணே நடந்தது. இதுக்குப் போயி மகளிர் போலீசு, டாக்டரம்மா சீட்டு, அவ தம்பி வந்து ஸ்டேசன்லயே எஞ் சட்டையப் புடிக்கிறான்.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டுச்சு, "ஏம்மா, இந்தாளோட போறியா?"

பூங்கோதை என்னப் பாக்கல. சொவத்துல தொங்குன காலண்டரப் பாத்துக்கிட்டே சொன்னா, "அவரு மொதல்ல மனுசனா நிக்கட்டும் மேடம். அப்பறம் பாக்கலாம்."

கேட்டீங்களா? அப்பறம் பாக்கலாம்! அப்புடின்னா என்ன அர்த்தம்? நின்னுட்டா வர்றேன்னு அர்த்தம். நான் அந்த வார்த்தையக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன். நிக்கிறதுன்னா எங்க நிக்கிறது? எனக்கு நிக்கத் தெரிஞ்ச எடம் கபடிக் கட்டம் ஒன்னுதான்.

ஆனா முப்பத்தேழு வயசுக் குடிகாரன எவன் கட்டத்துக்குள்ள வுடுவான்? அதுக்குத்தான் சாமி பக்கிரிய அனுப்புச்சு.

பக்கிரின்னா எங்கூரு ரைஸ் மில்லு மொதலாளி. ஊரு டீமுக்கும் அவன்தான் எல்லாம். ஒரு நாளு அவன் மில்லுல நெல்லு மூட்டைக்கு நடுவுல வுழுந்து கெடந்தேன். மேல சாக்கு கெடந்துச்சு. வேலக்காரனுவ மூட்டைன்னு நெனச்சு என்னத் தூக்கித் தராசுல போட்டுட்டானுவ. பக்கிரி நம்பரப் பாத்து எழுதப் போறான். மூட்ட இருமுது. சாக்க வெலக்கிப் பாத்தா நானு. அம்பத்திமூணு கிலோ.

வேற எவனா இருந்தாலும் அடிச்சுத் தொரத்தியிருப்பான். பக்கிரி அந்த நம்பரயே பாத்துக்கிட்டு நின்னான். கண்ணு ரெண்டும் மில்லு பல்பு மாதிரி எரியுது.

"டேய் நாடி," ங்கிறான், "எழுவத்தெட்டு கிலோ மூளடா, அம்பத்திமூணு கிலோ ஒடம்புல ஒக்காந்திருக்கு!"

புரியிதாண்ணே? எங்க பக்கம் பங்குனியில அம்பத்தஞ்சு கிலோ கபடி நடக்கும். அம்பத்தஞ்சுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் எறங்கு. அந்த எடையில எவன் வருவான்? மீச மொளைக்காத பயலுவதான் வருவான். வெவரம் தெரிஞ்ச ஆட்டக்காரன் எல்லாம் எழுவது, எம்பது. பதினஞ்சு வருசம் பாடுனவன் அம்பத்திமூணு கிலோவுல இருக்கான்னா அது ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான். குடிச்சுக் குடிச்சு நானே சம்பாதிச்ச தகுதிண்ணே அது. எங்க டீமு மூணு வருசமா பூவாங்கொல்லைக்காரனுவகிட்ட தோத்துக்கிட்டிருக்கு. பக்கிரிக்கு வெறி.

என்னத் தூக்கி மில்லு குடோன்ல போட்டுப் பூட்டிட்டான். இருவது நாளு. தண்ணி, கஞ்சி, ரெண்டு வாழப்பழம். குடி கெடையாது. மூணாம் நாளு சொவத்துலேந்து பூரான் பூரானா எறங்குது. நான் கையால அடிக்கிறேன், சொவத்த. வெரல் முட்டியெல்லாம் தோலுரிஞ்சு ரத்தம். பக்கிரி கஞ்சியோட உள்ள வந்தான். அவன் கட்டவெரலக் கடிச்சிட்டேன். நாலு தையல். அவன் நெல்லுத் தள்ளுற பலகைய எடுத்து எம் முதுவுல வச்சான் பாருங்க ஒரு வைப்பு, நான் போயி தவுட்டுக் குவியல்ல தலகுப்புற வுழுந்தேன். அங்கேந்தே கேட்டேன், "ஏண்டா, ஆட்டக்காரன முதுவுலயா அடிப்பாங்க?" அதுலேந்து தொடையில அடிச்சான். நல்ல பய.

இருவத்தொன்னாம் நாளு கதவத் தொறந்தான். வெளிச்சம் கண்ணுல குத்துது. நின்னேண்ணே. சொவத்தப் புடிக்காம நின்னேன். பூங்கோதை பாக்கலயேன்னு இருந்துச்சு.

ரெண்டு மாசம் ஓட்டம், தண்டால். பங்குனி வந்துச்சு. எங்க ஊருலயே போட்டி, மூணு நாளு. எட போடுறது பக்கிரி மில்லுத் தராசுலதான். பயலுவ எல்லாம் எடயக் கொறைக்க என்ன பாடு படுறானுவங்கிறீங்க! ஒருத்தன் கம்பளியப் போத்திக்கிட்டு வெயில்ல ஓடுறான். ஒருத்தன் எச்சியத் துப்பிக்கிட்டே இருக்கான். நானு பேண்டு, செருப்பு, செல்போனு, கையில நாலு இட்லிப் பொட்டலம், அத்தனையோட ஏறி நின்னேன். அப்பவும் அம்பத்தஞ்சு வரல.

மொத மேட்சு. நான் பாடிப் போறேன். எதுத்தாப்புல ஒரு பய, எம் மவன் வயசிருக்கும், எனக்கு மவன் இருந்திருந்தா. "பெருசு, ஆம்புலன்சுக்குச் சொல்லட்டா?" ங்கிறான். கூட்டம் சிரிக்குது. நான் அவனப் பாத்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே நெத்தியால மூக்குல ஒன்னு. ரெப்ரி பாக்குற பக்கம் முதுவு, பாக்காத பக்கம் நெத்தி. அதெல்லாம் அனுபவம். ஒடஞ்ச சத்தம் எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் கேட்டுச்சு. அப்பறம் நானே தண்ணி கொண்டாந்து குடுத்தேன். "ஆம்புலன்சுக்குச் சொல்லட்டான்னியே, சொல்லு"ன்னேன்.

அதுக்காக நான் சும்மா ஜெயிச்சேன்னு நெனைக்காதீங்க. ரெண்டாவது மேட்சுல வெலாவுல ஒருத்தன் முட்டியப் போட்டான். மூச்சு வுடும்போதெல்லாம் இப்பவும் குத்துது. அரையிறுதியில காதப் புடிச்சு இழுத்தானுவ, பாருங்க, இங்க, தொங்குதா? வாய்க்குள்ள மண்ணு, ரத்தம், பழைய பல்லு ஒன்னு. முட்டி வீங்கி பலாப்பழம் மாதிரி. ராத்திரியில துணிய நனச்சுக் கட்டிக்குவேன், காலையில எந்திரிச்சுப் போயி இன்னொருத்தன் முட்டிய வீங்க வைப்பேன். ரத்தத்தத் துப்பும்போது மனசுக்குள்ள என்ன ஓடுங்கிறீங்க? 'மனுசனா நிக்கட்டும்.' நிக்கிறேன்டி, வந்து பாருன்னு ஓடும்.

பைனல் யாரோடங்கிறீங்க? பூவாங்கொல்லை. மாமனாரு ஊரு.

ஞாயித்துக்கெழம மத்தியானம். எங்க ஊருல ஒரு வழக்கம், பைனலுக்கு முன்னாடி ரெண்டு டீமும் மறுபடி தராசுல ஏறணும். நடுவுல தின்னு தடிச்சுக்கிட்டு வந்துருவானுவன்னு. பூவாங்கொல்லைப் பயலுவ ஒவ்வொருத்தனா ஏறுறான். ஏழாவதா ஒருத்தன் வந்து நின்னான். கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, ஒதடு வெடிச்சு. யாருடா இது, காசநோயி புடிச்சவனையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்திருக்கானுவன்னு பாத்தா, எம் மச்சினன்!

இளவழகன். பூங்கோதை தம்பி. அவன் தேங்கா உரிக்கிறவன், ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் காய் உரிப்பான், கையி ரெண்டும் கடப்பாற. அறுவத்திமூணு கிலோ ஆளு. எப்பவும் அறுவத்தஞ்சு கிலோ டீம்லதான் ஆடுவான். மொத ரெண்டு நாளும் ஆட்டத்துல இவனப் பாக்கல, இவன் எங்கடா இங்கன்னு எனக்கு ஆச்சரியம். பக்கத்துல நின்ன பூவாங்கொல்லைப் பய சொல்றான், "நீங்க அம்பத்தஞ்சுல ஆடுறீங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே பட்டினியில ஒக்காந்துட்டான்ணே. நோட்டீசுல ஒங்க போட்டாவப் பாத்துட்டு, மாமா கூட ஆடணும்னான். போன வாரத்துலேந்து தண்ணியக் கூட நனச்ச துணியில நக்கிக்கிட்டுதான் இருக்கான்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே. ஸ்டேசன்ல சட்டையப் புடிச்ச பய, எங் கூட ஒரு ஆட்டம் ஆடுறதுக்காக எட்டு கிலோவக் கரைச்சிருக்கான். அவ்வளவு பாசம்! எங்க குடும்பத்துல எவனும் எனக்காக ஒரு வேள சோத்த வுட்டது கெடையாது.

தராசுல ஏறுனான். அம்பத்தஞ்சு கிலோ எரநூறு கிராம். ரெப்ரி கைய விரிச்சுட்டாரு. அவன் எறங்குனான். டவுசரக் கழட்டுனான். அரணாக்கயித்த அத்துப் போட்டான். ஆம்பள உசுரோட இருக்கும்போது அத எவனாவது அறுப்பானா? மறுபடி ஏறுனான். இன்னும் நூறு கிராம் கூட. சலூன்காரரு ஒருத்தரு கூட்டத்துல நின்னாரு. அவரக் கூப்புட்டு அங்கயே, தராசுப் பக்கத்துலயே, குந்தி மொட்ட அடிச்சுக்கிட்டான். தோள் வரைக்கும் முடி வளத்திருந்த பய. முடி அத்தனையும் மில்லுத் தரையில கெடக்கு. மூணாவது வாட்டி ஏறுனான். அம்பத்தஞ்சு. சுத்தமா அம்பத்தஞ்சு.

எறங்கி என்னப் பாத்தான். "வர்றேன் மாமா," ன்னான்.

"வா மாப்ள,"ன்னேன். "ஏதாச்சும் வேண்டுதலாடா?"

"ஆமா மாமா,"ன்னான்.

என்னண்ணே ஒரு மாதிரி பாக்குறீங்க? அவனுக்கு எம்மேல ஏன் கோவம் இருக்கணும்? காத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்? சரி, காத்துன்னு சொன்னேன்ல, காத்து கொஞ்சம்தான் அடிச்சுச்சு. கதவ சாத்துனது நான்தான். அவ கை அங்க இருந்தத எவன் பாத்தான்? குடிச்சிருந்தேன். இந்தக் கட்டுக்குள்ள என்னமோ அரிக்குதுண்ணே, ஒங்ககிட்ட பேனா இருந்தா குடுங்க, வுட்டு சொறிஞ்சுக்கிறேன்.

ஆங். பைனலு.

மைதானத்துல ஒரு பக்கம் பொம்பளைங்க. அதுல நடுவுல, பச்ச சேல, பூங்கோதை. வந்திருக்கா! எட்டு மாசம் கழிச்சு இப்பதான் பாக்குறேன். மடியில டிபன் பாக்ஸு ஒன்னு. எனக்குக் கொண்டாந்திருக்கான்னு நெனச்சேன். வேற எதுக்குச் சொந்த ஊரு வுட்டு டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வருவா?

ஆட்டம் கபடி இல்லண்ணே, கசாப்பு. மொத பத்து நிமிசத்துல எங்க பய ஒருத்தனத் தூக்கிக்கிட்டுப் போனானுவ, தோள்பட்ட எறங்கி. அடுத்ததா அவனுவள்ல ஒருத்தன், காதுல ரத்தம். அவன நான்தான். மண்ணுல தண்ணி தெளிச்சு வச்சிருந்தானுவ, அது செவப்பாயிப் போச்சு. இளவழகன் மட்டும் எல்லார் மாதிரியும் ஆடல. மத்தவனுவ பாடி வந்தா ஒதுங்கி நிக்கிறான். நான் பாடிப் போனா மட்டும் வர்றான். ரெண்டு தடவ எங் காலுக்குப் பாஞ்சான், ரெண்டு தடவயும் தாண்டிட்டேன். ரெண்டாவது தாண்டுல என் குதிகாலு அவன் மொட்டையில பட்டு தோலு கிழிஞ்சு மொகமெல்லாம் ஒழுவுது. தொடைக்கல. நக்கிக்கிட்டான். தண்ணி குடிக்காத பயல்ல, ஈரமா ஏதோ கெடைச்சுதேன்னு போல.

கடைசி நிமிசம். இருவத்தாறுக்கு இருவத்தாறு. கடைசிப் பாட்டு என்னோடது. பக்கிரி கோட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டு தையல் போட்ட வெரல நெஞ்சுல வச்சு சாமி கும்புடுறான். போனேன். கபடி கபடி கபடின்னு போயி ஒருத்தன் நெஞ்சுல தட்டிட்டுத் திரும்புறேன். திரும்புற நேரம் பாத்து எங் கணுக்காலு போச்சு. கடப்பாற ரெண்டும் கவ்வுன மாதிரி. தெரிஞ்சிருச்சு, இளவழகன்தான். தொப்புனு வுழுந்தேன். நடுக்கோடு எம் மொகத்துக்கு நேரா. சாண் தூரம். கைய நீட்டுறேன், எட்டல. மூச்சு முடியப் போவுது. அவன் ஒரு இழு இழுத்தாப் போதும், கப்பு அவனோடது. ஊரே கத்துது, "இழுடா! இழுடா அழகு!"

அண்ணே, சத்தியமா சொல்றேன், கால வுட்டுட்டான்.

வுட்டுட்டாண்ணே! நான் சும்மா வுடுவனா? துள்ளி இடது கைய நீட்டிக் கோட்டத் தொட்டுட்டேன். விசிலு ஊதியாச்சு. பாயிண்டு எனக்கு. ஜெயிச்சாச்சு. கை மண்ணுல விரிச்ச மாதிரி கெடக்கு. அப்ப இளவழகன் எந்திரிச்சான். ஓடல, நடந்து வந்தான். ரெண்டு எட்டு. எம் பக்கத்துல நின்னான். குதிச்சான். ரெண்டு குதிகாலும் மணிக்கட்டு மேல. கரும்ப ஒடிக்கிற சத்தம். நான் கத்துனது எனக்கே கேக்கல.

அதோட போவான்னு பாத்தா, மறுபடி குதிச்சான்.

குனிஞ்சு எங் காதுகிட்ட வந்தான். அவன் ரத்தம் எங் கன்னத்துல சொட்டுது. "கதவு, மாமா,"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

வெட்ட வெளி மைதானத்துல ஏதுண்ணே கதவு? பட்டினியில பயலுக்கு மண்ட கொழம்பிருச்சுன்னு நெனச்சேன். அனுபவமும் பத்தாது. கணுக்காலப் புடிச்சவன் எவனாவது வுடுவானா? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்த எவனாவது தோப்பானா?

அப்பறம் நடந்தது திருவிழா. எங்க பயலுவ பிளாஸ்டிக் சேரத் தூக்குனானுவ, அவனுவ கொடிக்கம்பத்தப் புடுங்குனானுவ. ஒருத்தன் மைக்காலயே ஒருத்தன் வாயில குத்துனான், 'டொக்'குன்னு எட்டு ஊருக்கும் கேட்டுச்சு. அப்பறம் அந்த மைக்கையே வாங்கி, "அமைதி காக்கவும்"னு சொல்லிக்கிட்டே பக்கிரி ஒருத்தன ஒதைக்கிறான். இளவழகன நாலு பேரு போட்டு மிதிக்கிறானுவ. அவன் கையத் தூக்கக் கூட இல்ல. வேல முடிஞ்சவன் மாதிரி படுத்துக் கெடக்கான். மூணு வருசம் ஆடக்கூடாதுன்னு ரெப்ரி அங்கயே சொல்லிட்டாரு. தலைய ஆட்டுனான். அவ்வளவுதான்.

நான் மண்ணுல கெடந்தபடி பூங்கோதையத் தேடுறேன். வர்றா. அந்த அடிதடிக்கு நடுவுல, எவனையும் பாக்காம, நேரா வர்றா. கையில டிபன் பாக்ஸு. எனக்கு வலியே போச்சுண்ணே. ஜெயிச்சாச்சு, நின்னாச்சு, பொண்டாட்டி வந்தாச்சு. "பூங்கோத, பாத்தியா, நின்னேன்ல,"ன்னேன். படுத்துக்கிட்டுத்தான் சொன்னேன். இருந்தாலும்.

என்னத் தாண்டிப் போயிட்டா.

தம்பிகிட்ட போயி ஒக்காந்தா. டிபன் பாக்ஸ ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கி வச்சிக்கிட்டு, வலது கையால மூடியத் தொறக்குறா. இடது கைக்குப் புடிக்கிற பலம் இல்ல, அது சும்மா மடியில கெடக்கு, வளஞ்சு. தயிர் சோறு. உருட்டி அவன் வாயில வைக்கிறா. அவன் ஒரு வாயி முழுங்குனான், வாந்தி எடுத்தான். தொடச்சு வுட்டுட்டு அடுத்த வாயி வைக்கிறா. தோத்த பயலுக்கு ஊட்டுறா, ஜெயிச்ச புருசன் இங்க கைய ஒடிச்சிக்கிட்டு கெடக்கேன்! இது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

ஊட்டிட்டு அவன எழுப்பித் தோள்ல சாச்சுக்கிட்டுப் போனா. போகும்போது எங் கையப் பாத்தா. எம் மொகத்தப் பாக்கல, கைய மட்டும். அப்பறம் தங் கையப் பாத்தா.

எனக்குக் கட்டுப் போட்ட டாக்டரு எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல காட்டி சொல்றாரு, "ஒரு தடவ மிதிச்சதுல ஒடஞ்சது ஒரு எலும்புப்பா. ரெண்டாவது மிதியிலதான் பொடியாயிருக்கு. ஒட்டுனாலும் நேரா வராது." நான் கேட்டேன், "ஒரு தடவையிலயே ஒடஞ்சிருச்சே, ரெண்டாவது எதுக்கு சார்?" அவருக்கு எப்புடித் தெரியும்? சிரிச்சாரு.

எதுக்கு ரெண்டாவதுன்னு மூணு வாரமா யோசிக்கிறேன். இந்தக் கட்டு ராவும் பகலும் அரிக்குது. எறும்பா இருக்கும். இல்ல, பண்ண சத்தியமா இருக்கும். சத்தியம் இப்பதானே பண்ணுனேன், அரிப்பு மூணு வாரமா இருக்கே. சரி, சொல்லிர்றேன். ஒங்கள மறுபடி எங்க பாக்கப் போறேன்.

காத்தே அடிக்கலண்ணே. எல கூட ஆடல அன்னைக்கு. அவ கை நெலையில இருந்துச்சு, பாத்தேன். சாத்துனேன். அவ கத்துனா. கதவு மூடலையேன்னு மறுபடி சாத்துனேன்.

ரெண்டு வாட்டி.

என்ன, எந்திரிக்கிறீங்க? ஒங்க ஸ்டாப்பு பேராவூரணின்னீங்க, அது இன்னும் தள்ளியில்ல இருக்கு? அங்க நின்னுக்கிட்டே வர்றீங்களா? சரி, நில்லுங்க. நின்னாலும் கணக்கத் தீத்துட்டு நில்லுங்க. பொய்க் கத சொல்றவன் ஓசியில சொல்லுவான். நெசம் சொல்றதுக்குக் கூலி உண்டுண்ணே, அதுவும் ஒடஞ்ச கையோட சொன்னா டபுளு. அந்தா கண்டக்டரு வந்துட்டாரு. எஞ் சட்டப்பையி வலது பக்கம், வலது கையில கப்பு, இடது கையில கட்டு. எடுக்க வழியில்ல. எனக்கும் சேத்து ஒரு டிக்கெட்டு எடுத்துருங்க.

பூவாங்கொல்லைக்குத்தான்.

இருங்க, இருங்க. கண்டக்டர் சார், அதக் கிழிக்காதீங்க. பூவாங்கொல்லைக்கு ஒரு ஸ்டாப்பு தள்ளி எடுங்கண்ணே. கப்போட அங்க எறங்குறதா வேணாமான்னு கொஞ்சம் யோசிக்கணும். எறங்கலன்னா தள்ளி ஒரு டீக்கடை இருக்கு. டிக்கெட்டு ரெண்டு ரூவா கூட வரும், டீ பத்து ரூவா, ரெண்டும் ஒங்க கணக்குலதான். சக்கர தூக்கலாப் போடச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு கிலோ ஏறுனாலும் அம்பத்தஞ்சத் தாண்டமாட்டேன்.